துவர்ப்பு எண்டால் எங்களுக்குத் தெரியாதா?

வைன் பற்றிய ஒரு புத்தகத்தை வைத்து இவ்வளவு நீளமாக எழுதவேண்டுமா எண்டு கேட்கிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். ஏற்கெனவே குடி ஊரைக் கெடுக்குது, இதுக்குள்ளே குடிக்கிறதுக்கு ஒரு வழிகாட்டி வேறேயா எண்டு. நியாயமான கேள்விதான். அதுக்கு மறுமொழி சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கமாட்டோம். ஆனால் முதலில் புத்தகத்துக்கு வருவோம்.

‘வைன் ஃபொலி’ 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த அறிமுக நூல். எழுதியவர்கள் மடலின் பக்கெட், ஜஸ்டின் ஹாமக். பக்கெட் கிராபிக் டிசைன் பக்கம் இருந்து வைனுக்கு வந்தவர். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பந்தி பந்தியாக வாசிக்கவேண்டியது குறைவு. வட்டங்கள், நிறங்கள், அளவுகோல்கள், நாட்டு வரைபடங்கள்தான் கூட. ஆங்கிலத்தில் கொஞ்சம் தடக்குப்படுகிறவர்களும் பயப்படாமல் புரட்டலாம். நாங்கள் சிலர் சேர்ந்து இதை வாசித்தோம். எங்களில் எல்லோரும் வைன் குடிக்கிறவர்கள் இல்லை. சிலர் எந்த மதுவையும் தொடுவதில்லை. ஒருவருக்கு வைன் எண்டால் ஞாயிறு பூசையில் பாதர் உயர்த்துகிற கிண்ணம் மட்டும்தான்.

வாசித்து முடித்தபிறகு எங்களுக்குள் நின்றது வைன் இல்லை, அதைவிடப் பெரிய ஒரு விசயம். சுவை அறிவது பிறப்பால் வருவதில்லை, படித்து வருவது. இந்தப் புத்தகம் தன் முழு உருவத்தாலும் அதைத்தான் சொல்கிறது. அப்படிப் படித்து வருவது எண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: யாரைப் படிக்க விட்டார்கள், யாரை விடவில்லை?

பயம் காட்டுகிற போத்தல்

உலகத்தில் எத்தனையோ குடிவகை இருக்கு. ஆனால் வைன் மாதிரி ஆட்களைப் பயப்படுத்துகிறது வேறொன்றும் இல்லை. சாராயம் குடிக்கிறவனிடம் யாரும் ‘இதில் என்ன மணம் வருது’ எண்டு பரீட்சை வைப்பதில்லை. வைன் எண்டதும் கிளாஸை எப்படிப் பிடிக்கவேண்டும், எந்தச் சாப்பாட்டோடு எது, பெயரை எப்படி உச்சரிக்கவேண்டும் எண்டு ஆயிரம் கண்கள் எங்களையே பார்க்கிற மாதிரி ஒரு உணர்வு வந்துவிடும். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டல் மெனுவில் வைன் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது விலை. இரண்டாவதாகத் தெரிவது ‘இது உனக்கில்லை’ எண்ட செய்தி.

இந்தப் பயத்தில் ஒரு பங்கு போத்தலில் ஒட்டியிருக்கிற லேபிளால் வருவது. பிரான்ஸின் பழைய வைன் பிரதேசங்களில் பெரும்பாலும் ஊரின் பெயரைத்தான் லேபிளில் போடுவார்கள், பழத்தின் பெயரை இல்லை. ஷாப்லி எண்டு எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஷார்டொனே எண்ட முந்திரிகையில் செய்த வைன். சான்சேர் வெள்ளை வைன் எண்டால் அது சாவிஞ்ஞோன் பிளாங். ஆனால் போத்தல் அதைச் சொல்லாது. தெரிந்தவன் தெரிந்துகொள்ளட்டும், தெரியாதவன் தள்ளி நிற்கட்டும். கலிபோர்னியா, அவுஸ்திரேலியா, சிலி போன்ற இடங்களின் வைன்காரர்கள்தான் பழத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்பதைப் பரவலாக்கினார்கள். அது வியாபாரத் தந்திரம்தான். எண்டாலும் வாசலைத் திறந்துவிட்ட தந்திரம்.

வழிகாட்டி நூல்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நியூயோர்க்கில் உலக வர்த்தக மையக் கோபுரத்தின் உச்சியில் இருந்த ‘விண்டோஸ் ஒன் த வேர்ல்ட்’ உணவகத்தில் 1976இல் வைன் பொறுப்புக்கு வந்தவர் கெவின் ஸ்ராலி. அப்போது அவருக்கு 25 வயது. அங்கே வகுப்பு நடத்தத் தொடங்கி, அந்த வகுப்பையே 1985இல் புத்தகமாக்கினார். 2001 செப்ரெம்பர் 11இல் அந்த உணவகம் கோபுரத்தோடு அழிந்தது. அன்று காலை வேலையில் இருந்த அதன் ஊழியர்களும் இறந்துபோனார்கள். வகுப்பை ஸ்ராலி வேறிடத்தில் தொடர்ந்தார். 1995இல் எட் மக்கார்த்தியும் மேரி யூயிங் மல்லிகனும் எழுதிய ‘வைன் ஃபோர் டம்மீஸ்’ வந்தது. மக்குகளுக்கு எண்டு தலைப்பிலேயே சொல்லிவிட்டதால் வெட்கப்படாமல் வாங்கலாம். ‘வைன் ஃபொலி’ இந்த வரிசையில் வந்த, படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கான புத்தகம்.

1976இல் இன்னொன்றும் நடந்தது. மே 24ஆம் திகதி பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் எண்ட பிரித்தானிய வைன் வியாபாரி ஒரு போட்டி வைத்தார். பிரான்ஸின் பெயர்பெற்ற வைன்களையும் யாரும் கணக்கில் எடுக்காத கலிபோர்னியா வைன்களையும், எது எதெண்டு தெரியாமல், பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் சுவைத்துப் புள்ளி போட்டார்கள். வெள்ளையிலும் சரி சிவப்பிலும் சரி, முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. லேபிளை மறைத்தால் பரம்பரையும் மறைந்துபோகும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

நாலு படி, ஐந்து குணம்

புத்தகம் சொல்லித்தருகிற முறை மிகச் சிம்பிளானது. பார், மண, சுவை, யோசி. அவ்வளவுதான்.

பார்ப்பதெண்டால் நிறம் எவ்வளவு அடர்த்தி, விளிம்பு மங்கிப் பழுப்பாகிறதா எண்டு கவனிப்பது. சிவப்பு வைன் வயசாக ஆக வெளிறிச் செங்கல் நிறத்துக்குப் போகும். வெள்ளை வைன் வயசாக ஆகக் கடும் மஞ்சளாகும். மணப்பதெண்டால் கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி மூக்கை உள்ளே விடுவது. சுழற்றுவது பந்தாவுக்கு எண்டுதான் கனபேர் நினைப்பது. சுழற்றினால் ஆவியாகும் பரப்புக் கூடும், மணம் மேலே வரும். அதுதான் காரணம். சுவைப்பதெண்டால் உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் படவிடுவது. யோசிப்பதெண்டால் கண்டதை ஒரு கொப்பியில் எழுதுவது. கடைசிப் படிதான் முக்கியம். எழுதாத சுவை அடுத்தநாள் மறந்துபோகும்.

சுவைக்கும்போது தேடவேண்டிய குணங்கள் ஐந்து: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மதுவின் சூடு, வாயில் தெரிகிற கனம். கனம் எண்டால் என்ன எண்டு விளங்காவிட்டால் ஆடை நீக்கின பாலையும் முழுப்பாலையும் நினைத்துப் பாருங்கோ. இரண்டும் பால்தான், நாக்கில் இருக்கிற பாரம் வேறே. சாதாரணமாக வைனில் 12 முதல் 14 வீதம் வரை மது இருக்கும். அது கூடக் கூட வைனும் கனமாகத் தெரியும், தொண்டையிலும் சூடு ஏறும்.

துவர்ப்புக்கு வருவோம். ஆங்கில வழிகாட்டிகள் எல்லாம் இந்த இடத்தில் கஷ்டப்படுகின்றன. முந்திரிகையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிற டனின் எண்ட பொருள் எங்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, வாய் காய்ந்து இழுக்கிற மாதிரி இருக்கும். சிவப்பு வைனைத் தோலோடு புளிக்கவைப்பதால் அதில் இது கூட. வெள்ளையில் தோலை எடுத்துவிடுவதால் குறைவு. இது கைப்பு இல்லை, புளிப்பும் இல்லை எண்டு ஆங்கில வாசகருக்கு விளங்கப்படுத்த ஒரு பக்கம் தேவைப்படுகிறது.

எங்களுக்கு ஒரு சொல் போதும். கயர். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப்பிள்ளையிடம் காய்வாழைப்பழத்தைக் குடுத்தால் ‘கயர்க்குது’ எண்டு துப்பும். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் குடுத்த மொழி எங்களுடையது. நாவற்பழம், பாக்கு, சீனி போடாத கடும் சாயத் தேத்தண்ணி, எல்லாம் டனின்தான். அப்ப வைன் பாடத்தின் மிகக் கடினமான அத்தியாயத்தை நாங்கள் பள்ளிக்கூடம் போகமுதலே பாஸ் பண்ணிவிட்டோம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் கற்பனையா?

‘ஷிராஸில் மிளகு மணக்குது, கபர்னே சாவிஞ்ஞோனில் குடைமிளகாய் மணக்குது எண்டெல்லாம் சும்மா கதை விடுகிறார்கள்’ எண்டு எங்கள் கூட்டத்திலேயே ஒரு வாதம் வந்தது. தேடிப் பார்த்தோம். கதை இல்லை. 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் எண்ட சேர்வையைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் அம்மிக்குப் போகிற மிளகில் இருப்பதும் அதே ரொட்டண்டோன்தான். கபர்னேயின் பச்சைமணத்துக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்வை குடைமிளகாயில் இருப்பதுதான். ஓக் மரப்பீப்பாயில் வைத்த வைனில் வனிலா மணப்பதுக்கும் கராம்பு மணப்பதுக்கும் மரத்தில் இருந்து வருகிற வனிலினும் யூஜினோலும் காரணம். கராம்பில் பெருமளவு இருப்பதே யூஜினோல்தான்.

ஆனால் மற்றப் பக்கமும் இருக்கு. 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்டோவில் வைன் படிக்கிற 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை வைனைக் குடுத்தார்கள். அதே வெள்ளை வைனை, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்தும் குடுத்தார்கள். சாயம் கலந்ததுக்கு மாணவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களைப் போட்டு எழுதினார்கள். மூக்கைக் கண் ஏமாற்றிவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விசயம் விளங்கும். மணம் உண்மையாகவே போத்தலுக்குள் இருக்கிறது. ஆனால் அதை என்னவெண்டு அடையாளம் காண்பது எங்களிடம் இருக்கிற எதிர்பார்ப்பையும் சொற்களையும் பொறுத்தது. சொல் இல்லாவிட்டால் மூக்குக்குப் பட்டதும் மூளைக்குப் படாமல் போய்விடும். அதனால்தான் ஆன் நோபிள் எண்ட விஞ்ஞானி 1980களில் மணச்சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வைன் துறைக்கு 1974இல் எடுக்கப்பட்ட முதலாவது பெண் விரிவுரையாளர் அவர். சக்கரத்தின் நடுவில் ‘பழம்’ எண்டு பொதுச்சொல். வெளியே போகப் போக ‘எந்தப் பழம்’ எண்டு குறிப்பான சொல். ‘நல்லா இருக்கு’ எண்ட சொல்லுக்கு அதில் இடமில்லை. ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நல்லதில்லை. ஆனால் எலுமிச்சை எல்லாருக்கும் எலுமிச்சை.

யாருடைய நெல்லிக்காய்?

எலுமிச்சை சரி. மற்றவை?

இங்கேதான் புத்தகம் எங்களைக் கொஞ்சம் வெளியே நிற்கவைக்கிறது. கருந்திராட்சை போன்ற ஐரோப்பியக் குட்டிப்பழங்கள், ஈரமான இலையுதிர்காலக் காடு, குதிரைச் சேணம், இதெல்லாம் வைன்காரர்கள் சாதாரணமாகப் பாவிக்கிற உவமைகள். அந்தப் பழங்களில் பாதியை நாங்கள் ஜாம் போத்தல் படத்தில்தான் கண்டிருக்கிறோம். இலையுதிர்காலமே இல்லாத ஊரில் இருக்கிறவனுக்கு இலையுதிர்காலக் காட்டின் மணம் எங்கே தெரியப்போகுது.

அகராதியும் கைவிட்டுவிடும். சாவிஞ்ஞோன் பிளாங் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்கிற ஒரு பழத்துக்குத் தமிழ் அகராதியில் ‘நெல்லிக்காய்’ எண்டு போட்டிருக்கும். ஆனால் அது ஐரோப்பாவின் பற்றையில் காய்க்கிற வேறொரு பழம். எங்கள் நெல்லிக்கும் அதுக்கும் உறவே இல்லை. தோலகட்டி நெல்லிரசத்தை நினைத்துக்கொண்டு அந்த வைனைத் தேடினால் ஒருநாளும் அகப்படாது. மொழிபெயர்த்தால் விளங்கும் எண்ட நம்பிக்கை சுவையில் செல்லாது.

இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. 2008இல், ஆசியப் பின்னணியில் இருந்து ‘மாஸ்டர் ஒஃப் வைன்’ தகைமையைப் பெற்ற முதலாவது ஆள் எண்டு பெயரெடுத்தவர் ஜீனி சோ லீ. கொரியாவில் பிறந்து ஹொங்கொங்கில் இருந்து இயங்கியவர். ஆசியச் சாப்பாட்டை உண்டு வளர்ந்த நாக்குக்கு வைனை ஆசியச் சுவைகளின் வழியாகச் சொல்லவேண்டும் எண்டு அவர் புத்தகங்களே எழுதினார். 2016இல் இந்தியாவின் சோனல் ஹொலண்ட் அதே தகைமையைப் பெற்றார். இந்தத் தகைமை 1950களில் லண்டனில் தொடங்கியது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் உள்ளே போக அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கு.

அப்ப நாங்கள் செய்யவேண்டியது புத்தகத்தின் சொற்களை மனப்பாடம் செய்வதில்லை. அதன் முறையை எடுத்துக்கொண்டு எங்கள் சொற்களை நிரப்புவது. ரம்புட்டான், கொய்யா, விளாம்பழம், புளியம்பழம், கறுவா, வறுத்த மல்லி, முதல் மழைக்கு மணக்கிற செம்மண், காய்ந்த பனையோலை. கெவூர்ஸ்ட்ராமினர் எண்ட வாயில் நுழையாத பெயருள்ள வைனுக்கு லீச்சி மணம் எண்டு எழுதுவார்கள். ரம்புட்டான் லீச்சியின் குடும்பத்துப் பழம். அங்கே இருந்து தொடங்கலாம்தானே.

எங்களிடம் இருந்த நிபுணர்கள்

வைன் புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற பிரெஞ்சுச் சொல் ஒன்று உண்டு: தெருவார். மண், சரிவு, காற்று, மழை, வெயில் எல்லாம் சேர்ந்து ஒரு இடத்தின் பழத்துக்குக் குடுக்கிற குணம். எங்களில் சிலர் இதைப் பெரிய தத்துவம் மாதிரிப் படித்துக்கொண்டிருக்க, மலையகத்தில் இருந்து வந்த தோழி ஒருத்தி சிரித்தாள். ‘இதைத்தானே தேயிலையில சொல்லுறாங்க’ எண்டாள்.

உண்மைதான். நுவரெலியாத் தேத்தண்ணி வெளிர்நிறம், மென்மை. கரையோரத்து ருகுணு கடும் நிறம், கனம். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவது யூலை முதல் செப்ரெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கிற காலத்தில். கொழும்பில் 1883இல் தேயிலை ஏலம் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே சுவைஞர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் சத்தம்போட்டு உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பி, விலையைத் தீர்மானிக்கிறார்கள். வைன் சுவைஞர் செய்வதும் இதேதான்.

ஆனால் அந்தக் கோப்பை வரிசைக்கு முன்னால் நிற்கிறது யார்? கொழுந்து எடுக்கிற கை எந்த இலை எப்படியிருக்கும் எண்டு தொட்டே சொல்லும். அந்த அறிவை யாரும் அறிவெண்டு எழுதிவைக்கவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆக வருசக்கணக்கில் போராடவேண்டியிருந்தவர்களின் லயத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் டஸ்ட் தூள். நல்ல தேயிலையின் சுவைக்குப் பெயர்வைக்கிற உரிமை வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது.

வடக்கிலும் இதே கதைதான். கள்ளு எண்டால் கள்ளு எண்டு நினைக்கிறவர்கள் ஒரு சீவல் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கோ. தனிப்பனைக் கள்ளு வேறே, கலந்த கள்ளு வேறே. காலை இறக்கினது இனிப்பு, நேரம் போகப் போகப் புளிப்பு, பிறகு கடுப்பு. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் புளிக்காமல் கருப்பணி. எந்தப் பனை எந்த மாதத்தில் எப்படித் தரும் எண்டு மரம் மரமாகத் தெரிந்தவர்கள் அவர்கள். பிரான்ஸில் ஒரேயொரு தோட்டத்துப் பழத்தில் செய்த வைனுக்கு எத்தனை மடங்கு விலை, எத்தனை புத்தகம்! இங்கே ஒரேயொரு மரத்துக் கள்ளை அடையாளம் சொல்லக்கூடியவரை, அவர் பிறந்த சாதியின் பெயரால் வீட்டு வாசலுக்கு வெளியே வைத்துப் பிளாவில் வாங்கிக் குடித்தார்கள். கள்ளைக் குடித்த கை அதை இறக்கின கையைத் தொடவில்லை. பிறகு எங்கே வழிகாட்டி நூல் வரும்?

ஐரோப்பிய விவசாயிக்குப் பரம்பரைப் பெருமையாக வந்தது எங்கள் ஆட்களுக்கு அவமானமாக வந்தது. இரண்டு பானத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: சீனியை மதுசாரமாக மாற்றுகிற ஈஸ்ட். அந்த ஈஸ்டுக்குச் சாதி தெரியாது. அதனால் எங்களில் யாராவது ‘வைன் எண்டால் நாகரிகம், கள்ளு எண்டால் கேவலம்’ எண்டு கதைத்தால், அது நாக்கு கதைக்கிற கதை இல்லை. வேறெங்கேயோ இருந்து வருகிற கதை.

வாசிக்கலாம், வாங்கக்கூடாது

எங்கள் வாசிப்பில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்கு இந்தப் புத்தகத்தோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. இலங்கையில் மதுக்கடையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது எண்டு 1979இல் ஒரு மதுவரி அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். 21 வயது தாண்டிய ஆண் எவரும் போய் வாங்கலாம். வாக்குப் போட, வழக்காட, வைத்தியம் பார்க்கத் தகுதியுள்ள பெண் ஒரு போத்தல் வாங்கத் தகுதியில்லாதவள்.

பல இடங்களில் இந்த விதியை யாரும் கடுமையாகப் பார்ப்பதில்லை எண்டு சொல்வார்கள். அது வேறு கதை. பெண்கள் எல்லாரும் குடிக்கவேண்டும் எண்டு நாங்கள் கேட்கவில்லை. குடிக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிற மூளை அவளுக்கு இருக்கு எண்டு அரசு ஒத்துக்கொள்ளவேண்டும் எண்டுதான் கேட்கிறோம். மணச்சக்கரத்தை உருவாக்கியது ஒரு பெண். இந்தப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர் பெண். அவர்கள் எழுதினதை வாசிக்க எங்களுக்குத் தடையில்லை. அதில் சொன்னதை மதுக்கடைக்குப் போய் வாங்கிச் செய்து பார்க்கத்தான் தடை.

இனி அந்த முதல் கேள்வி

குடி ஊரைக் கெடுக்குதா? கெடுக்குது. அதை மறைக்கிற கட்டுரை இது இல்லை. மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் எண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. இந்த அளவுக்குக் கீழே குடித்தால் ஒன்றும் செய்யாது எண்டு சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. வைன் எண்டதால் அதுக்கு விதிவிலக்கு இல்லை. ‘சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது’ எண்டு சாட்டுச் சொல்கிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் வழிகாட்டி நூல்களோடு எங்களுக்குச் சண்டை. அழகான வட்டங்களுக்குள் தென்னாபிரிக்காவின் பினோட்டாஜ் முந்திரிகை வரும். 1925இல் ஸ்டெலன்பொஸ்கில் ஆபிரகாம் பெரோல்ட் இரண்டு இனங்களைச் சேர்த்து உருவாக்கியது எண்ட விபரமும் கிடைக்கும். ஆனால் அதே கேப் பிரதேசத் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பங்கை மலிவு வைனாகக் குடுத்து, தலைமுறைகளையே குடிக்கு அடிமையாக்கிய ‘டொப்’ முறை பற்றி இந்த மாதிரி அறிமுக நூல்களில் காண்பது அரிது. சட்டத்தால் தடுத்த பிறகும் அந்த முறை பல காலம் ஒளிந்து நடந்தது. அதன் காயம் இன்னும் அங்கே இருக்கு. முந்திரிகையை வெட்டுகிறது யார், என்ன சம்பளத்துக்கு எண்ட கேள்விக்கும் வட்டம் ஒன்று வரைந்திருக்கலாம்.

இருந்தாலும் நாங்கள் இந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொல்கிறோம். ஏன் எண்டால் எங்கள் சமூகத்தில் குடி பற்றி இரண்டே இரண்டு கதைதான் இருக்கு. ஒன்று ‘சீ, வாயால் சொல்லாதே’. மற்றது ‘மச்சான், அரைப் போத்தல் இறங்கிச்சுது’. முதலாவதில் பேச்சே இல்லை. இரண்டாவதில் அளவு மட்டும்தான், சுவை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு மிக்சரைக் கடிக்கிற எங்கள் பெடியள் உண்மையில் அந்தச் சுவையிலிருந்து தப்பியோடுகிறார்கள். போரும் இழப்பும் வேலையின்மையும் மூட்டை மூட்டையாக இருக்கிற இடத்தில் ஆட்கள் மறக்கத்தான் குடிக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை வைன் புத்தகம் இல்லை, ஆறுதலும் வேலையும் சிகிச்சையும். அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அந்தப் பாதையில் இன்னும் போகாதவர்களுக்கு மூன்றாவது கதை ஒன்று தேவை. 750 மில்லிலீற்றர் போத்தல் ஐந்து கிளாஸுக்கு. ஒரு கிளாஸ் 150 மில்லிலீற்றர். அதையும் கிளாஸின் முக்கால்வாசி வெறுமையாக விட்டு, மணத்துக்கு இடம் குடுத்து, மெதுவாக. நிபுணர்கள் சுவைத்துவிட்டுத் துப்புகிறார்கள் எண்டதை வாசித்தபோது எங்களில் மது தொடாதவர்கள்தான் அதிகம் சந்தோசப்பட்டார்கள். விழுங்காமலும் அறியலாம். வைனே இல்லாமலும் அறியலாம்.

அதனால் எங்கள் யோசனை இதுதான். வைன் விலையும் வரியும் எங்களில் பலருக்கு எட்டாது. எட்டவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று தேயிலை எடுங்கோ: ஒரு நுவரெலியா, ஒரு ஊவா, ஒரு ருகுணு. சீனியும் பாலும் வேண்டாம். ஒரே அளவு தூள், ஒரே அளவு சுடுதண்ணி, ஒரே நேரம். எது எதெண்டு தெரியாமல் ஒருவர் கோப்பைகளை மாற்றி வைக்கட்டும். பார், மண, சுவை, எழுது. ‘நல்லா இருக்கு’ எண்ட சொல்லுக்குத் தடை. ஒவ்வொருவரும் ஐந்து சொல் எழுதவேண்டும், தமிழில். அடுத்த கிழமை கறுத்தக்கொழும்பானும் விலாட்டும் அம்பலவியும். அதுக்கு அடுத்த கிழமை, கேட்கிற ஆட்கள் மரியாதையோடு போனால், சீவல் தொழில் செய்கிற ஒரு ஐயாவிடம் போய் இருந்து அவர் சொல்கிறதை எழுதிக்கொண்டு வரலாம். அவர் பாவிக்கிற சொற்களில் பாதி எங்கள் அகராதிகளில் இருக்காது எண்டு பந்தயம் பிடிக்கிறோம்.

அந்தக் கொப்பிகளைச் சேர்த்தால் வருவதுதான் நாங்கள் வாசிக்க ஆசைப்படுகிற வழிகாட்டி நூல். அதுவரைக்கும் ‘வைன் ஃபொலி’ எங்களிடம் இருக்கு. இரவல் தருவோம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை மட்டும் அழிக்கவேண்டாம்; டனின் எண்ட சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ ‘கயர்’ எண்டு எழுதியிருக்கிறார்கள்.